முக்கால் அடி

என் கையெழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நாலைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2009 மே மாதம் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாயில் லெவல் எடுத்தபோது, அதாவது இடத்துக்கு இடம் உயரம் அளந்தபோது, லெவல் புத்தகத்தின் கடைசிப் பத்தியில், ‘குறிப்பு’ என்று தலைப்பிட்ட ஒடுக்கமான இடத்தில் எழுதியது. ‘கலுங்கு மேல்மட்டம் 0.22 மீ. குறைவு. உள்வாய் சாகுபடியாளர்களால் சிதைக்கப்பட்டிருக்கலாம்.’ அவ்வளவுதான். (கலுங்கு என்பது கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு. உள்வாய் என்பது கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் பரப்பு.) எழுத அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அப்போது 23 வயது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, சாப்பாட்டு நேரம் வேறு.

வேலை இதுதான். கண்மாயின் உள்வாயில் மரம் நடப்போகிறார்கள். எங்கே வரை நடலாம் என்று கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் எதுவரை வந்து நிற்குமோ, அந்த மட்டத்துக்குத்தான் எஃப்டிஎல் என்று பெயர். முழுக் கொள்ளளவு மட்டம். அந்த மட்டத்தைத் தரையில் தேடிக் கண்டுபிடித்து 20 மீட்டருக்கு ஒரு முளை அடிக்க வேண்டும். முளைக்கு உள்ளே கருவேலங்கன்று. முளைக்கு வெளியே இருக்கும் புறம்போக்கு, பழையபடி மேய்ச்சலுக்கு. காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் எந்த வில்லங்கமும் இல்லாத திட்டம்.

கண்மாய்க்குக் கீழே ஒரு பெரிய ஊர். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல், முழுக்க அவர்களுடையது. மேலே, உள்வாயை ஒட்டி, முப்பது முப்பத்தைந்து வீடுகள் கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பு. அவர்களுக்கு நிலம் கொஞ்சம், ஆடு நிறைய. தண்ணீர் வற்ற வற்ற உள்வாயில் இறங்கி ஏதாவது விதைப்பார்கள். அதற்கு அவ்வப்போது பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும், தண்டம் கட்டுவார்கள், மறுபடியும் விதைப்பார்கள். கண்மாய் நிரம்பினால் கீழே இருப்பவர்களுக்குச் சந்தோஷம், மேலே இருப்பவர்களின் வரப்பு முங்கும். கண்மாய் உள்ள எந்த ஊரிலும் இந்த இரண்டு தரப்பும் உண்டு, இரண்டுக்கும் இடையில் கலுங்கு உண்டு. கலுங்கின் உயரத்தில் ஒரு சாண் கூடினால் யாருக்கு லாபம், குறைந்தால் யாருக்கு லாபம் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அதுதான் பிரச்சினையே.

நேர்க்கோடும் நீர்க்கோடும்

நம் நிலப் பதிவேடுகளுக்கு நீளம் தெரியும், அகலம் தெரியும், உயரம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் இது என்னை ரொம்பவே ஆச்சரியப்படுத்தியது. புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கல்லுக்குக் கல் ஒரு நேர்க்கோடு, கோட்டின் மேல் அளவு. அந்தக் காலத்தில் 66 அடிச் சங்கிலியை இழுத்து அளந்தார்கள். ஒரு சங்கிலிக்கு 100 கண்ணி, பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர், அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். கணக்குக்கு அவ்வளவு வாகான சங்கிலி. இந்த மண்ணை அளந்த கதை 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்ததில் தொடங்குகிறது என்று எங்கள் சீனியர் சொல்லிக்கொண்டே இருப்பார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கோணம் அளக்கும் அந்த ராட்சதத் தியோடலைட் இடித்துச் சேதமானதையும், மனிதர் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்ததையும் தன் வீட்டில் நடந்தது போலச் சொல்வார். கருவி உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், அந்த மட்டுக்கும் லாம்டன் கொடுத்துவைத்தவர் என்று இப்போது தோன்றுகிறது.

கண்மாயின் எல்லையும் புல வரைபடத்தில் கல்லுக்குக் கல் நேர்க்கோடுதான். தண்ணீருக்கு அந்தக் கல் தெரியாது. அது தன் மட்டத்தில் வளைந்து, நெளிந்து, பள்ளம் கண்ட இடத்தில் பட்டா நிலத்துக்குள் நாக்கை நீட்டி, மேடு கண்ட இடத்தில் புறம்போக்கையே விட்டுக்கொடுத்து நிற்கும். வரைபடத்துக் கண்மாய் ஒன்று, தண்ணீரின் கண்மாய் இன்னொன்று. இரண்டாவது கண்மாயின் அளவு பட்டாவில் இல்லை, அடங்கலில் இல்லை, ‘அ’ பதிவேட்டில் இல்லை. பெரும்பாலான கண்மாய்களுக்கு அது இருக்கும் ஒரே இடம் பழைய மெமாயர்தான். 1883-இல் மதராஸ் மாகாணத்தில் ஏரிகளைப் புனரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு குறிப்பேடு எழுதினார்கள். கரை எத்தனை அடி உயரம், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை எந்த மட்டம், கலுங்கு எந்த மட்டம், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று சொல்கிறோமே, அவற்றின் உயரத்தைப் பற்றி எழுத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காகிதங்களும் அவற்றின் நகல்களும்தான்.

எங்களுக்குக் கிடைத்தது நகலின் நகல். தட்டச்சு செய்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தது. படிக்க முடிந்த இரண்டு வரிகள் போதுமானவையாக இருந்தன. மடை மேடை 100.00 அடி. முழு மட்டம் 97.50 அடி. கடல் மட்டத்திலிருந்து அல்ல. மடை மேடையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து சொல்வார்கள். ஆக, மடையின் மேல்மேடையிலிருந்து இரண்டரை அடி, அதாவது 76 செ.மீ., கீழே தண்ணீர் நிற்க வேண்டும். கலுங்கின் மேல்மட்டமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் வரும் தண்ணீர் வழிந்து மறுகால் போய்விடுமே.

மடை மேடையில் சிவப்புப் பெயின்டால் ஒரு சிலுவைக்குறி போட்டு, அதையே பெஞ்ச்மார்க்காக, அளவு தொடங்கும் குறியாக, வைத்து ஆரம்பித்தோம். அங்கிருந்து கலுங்கு 800 மீட்டர். கரை மேலேயே லெவல் கருவியை நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோய், கலுங்கில் ஸ்டாஃப் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், 98 செ.மீ. கீழே இருந்தது. 76 இருக்க வேண்டிய இடத்தில் 98. நான் பதறிப்போய்த் திரும்பவும் மடை வரை அளந்துகொண்டே வந்தேன். போக வர 1.6 கிலோமீட்டருக்கு மூடல் பிழை, அதாவது புறப்பட்ட இடத்துக்கே திரும்பியபோது வந்த வித்தியாசம், 9 மில்லிமீட்டர். பாடப்புத்தகக் கணக்கில் சாதாரண லெவலுக்கு, கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கி, 30 மி.மீ. வரை தள்ளலாம். நான் மூன்றில் ஒரு பங்குக்குள் மூடியிருந்தேன். அன்று அந்த 9-ஐப் பார்த்து எனக்கு வந்த பெருமிதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்த்தால், நடுவில் தப்பாகப் படிக்கவில்லை என்று தெரியும். புறப்பட்ட இடமே தப்பு என்றால், அதே தப்புக்கு 9 மில்லிமீட்டர் சுத்தமாகத் திரும்பி வந்து சேரலாம். இதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று புகார் சொல்ல மாட்டேன். சொல்லியிருப்பார்கள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

22 செ.மீ. வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கலுங்கு தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால், மடை உயர்ந்திருக்க வேண்டும். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எங்களில் யாரும் இரண்டாவதைப் பற்றி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “மேல இருக்கவங்க கலுங்கைக் கொத்திருப்பாங்கம்மா, எல்லா ஊர்லயும் செய்யறதுதான்” என்றார் சீனியர். கூட வந்த ஆயக்கட்டு விவசாயிகள் இருவர், “நாங்க சொன்னா யாரு கேக்குறா” என்று தலையாட்டினார்கள். உள்வாய்க்காரர்கள் கலுங்கை உடைப்பது நடக்காத விஷயமும் இல்லை. நானே வேறு இரண்டு கண்மாய்களில் பார்த்திருந்தேன். ஆனால் இந்தக் கலுங்கில் நாங்கள் ஸ்டாஃப் வைத்தது ஒரே ஓர் ஓரத்தில். மீதி முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடந்தது.

அந்தப் புதருக்குப் பக்கத்தில்தான் பெரியவர் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, யாரிடமும் இல்லாமல் என்னிடம் சொன்னார். “கலுங்கை யாரும் தொடல தாயி. தொட்டிருந்தா அந்தக் குத்துக்கல்லு நிக்குமா?”

கேட்டது. அப்புறம்தான் குறிப்புப் பத்தியில் அந்த வரியை எழுதினேன். அவர் சொன்னதற்கு நான் கொடுத்த மரியாதை ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்.

பனங்கொட்டை

உள்வாயின் சரிவு ரொம்பச் சாய்மானம் இல்லாதது. 200 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். அப்படியானால் மட்டத்தில் 22 செ.மீ. கூடினால் தரையில் 44 மீட்டர் தள்ளிப் போகும். எங்கள் முளைவரிசை ஏறத்தாழ 900 மீட்டர் நீளம். பெருக்கிப் பார்த்தால் பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. லெவல் எடுப்பவர்கள் சென்டிமீட்டரில் பேசிப் பழகியதால் எங்களுக்கு இது உறைப்பதில்லை. ஆடு வைத்திருப்பவனுக்கு உறைக்கும்.

மறு வருஷம் கன்று வைத்தார்கள். கண்மாய்க்குள் கருவேல் வைப்பது இங்கே புதிதல்ல. 1981-இல் ஸ்வீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ கண்மாய்களில் வைத்தார்கள். நாட்டுக்கருவேலைச் சொல்கிறேன், மேலே சொன்ன சீமைக்கருவேலை அல்ல. நாட்டுக்கருவேல் தண்ணீரில் சில மாதம் நின்றாலும் தாங்கும், விறகுக்கும் ஏருக்கும் ஆகும், ஏலம் விட்டால் ஊராட்சிக்கு வருமானம். தண்ணீர் ஏறும் இடத்தில் கன்று அழுகிவிடாமல் இருக்க மண்ணைக் குவித்துச் சின்னச் சின்ன மேடு போட்டு, அதன் தலையில் வைப்பார்கள். கன்று தலை தூக்கும் வரை சில வருஷம் ஆடு மாடு உள்ளே வரக்கூடாது. சுற்றி அகழி, ஒரு காவலாள். இவையெல்லாம் சரியாகவே நடந்தன.

திட்டத்தில் இல்லாத ஒன்றை ஆயக்கட்டுக்காரர்கள் செய்தார்கள். என் முளைகள் சவுக்குக் குச்சிகள், ஒரு மழைக்குப் பின் இருக்காது. அவர்கள் ஒவ்வொரு முளைக்குப் பக்கத்திலும் ஒரு பனங்கொட்டையைப் புதைத்துவிட்டார்கள். பனை முதலில் கீழே போகும், வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. விசிறி மாதிரி நாலு ஓலை தலைகாட்டி ஆள் கவனிக்கும்போது அதைப் பிடுங்க முடியாது. எல்லைக்குப் பனை வைப்பது நம் ஊர்களில் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று எனக்குத் தெரியாதா என்ன. யாரோ சொல்லி இது என் காதுக்கு வந்தபோது சிரித்தேன். நம் கோட்டுக்கு இவ்வளவு மதிப்பா என்று கொஞ்சம் குளிர்ந்தும் போனேன்.

அப்புறம் வேலையை மாற்றிக்கொண்டு கட்டடப் பக்கம் போய்விட்டேன். கல்யாணம், மதுரை, பிள்ளை. அந்தக் கண்மாயை மறந்தே போனேன்.

“உங்க ரிப்போர்ட்டுன்னு சொல்றாங்க அக்கா”

2017 ஏப்ரல். முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதிகூட இல்லை. கண்மாய்கள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கண்மாய்களைப் பழுதுபார்க்கக் குடிமராமத்து என்று பழைய பெயரில் புதிய திட்டம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் இரவு தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். 2009-இல் எனக்கு ஸ்டாஃப் பிடித்த பையன். அப்போது பதினொன்றாம் வகுப்பு, கோடை லீவில் கூலிக்கு வந்தவன். அந்த மேல்குடியிருப்புப் பையன்தான். இப்போது கொத்தனார்.

“அக்கா, கலுங்கை முக்கா அடி ஏத்தப் போறாங்க. பழைய மட்டத்துக்குக் கொண்டு வர்றோம்னு எஸ்டிமேட் போட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா உங்க ரிப்போர்ட்டுன்னு சொல்றாங்க.”

என் ரிப்போர்ட் என்று ஒன்று இல்லை, லெவல் புத்தகம்தானே என்று ஏதோ முனகினேன். அவன் அந்தப் பக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்பினான். நான் எழுதியதை யாரோ ஓர் அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். அந்த அறிக்கையிலிருந்து இன்னொரு அறிக்கைக்குப் போயிருக்கிறது. அங்கே வாக்கியம் இப்படி இருந்தது: ‘உள்வாய் சாகுபடியாளர்களால் கலுங்கு 0.22 மீ. சிதைக்கப்பட்டுள்ளது.’ இருக்கலாம் போய், உள்ளது வந்துவிட்டது. அதற்குக் கீழே ஆதாரமாக ஒரு வரி: பழைய முழு மட்டத்தில் மரங்கள் நடப்பட்டுள்ளன, தண்ணீர் தற்போது அதுவரை செல்வதில்லை. என் முளைக்குப் பக்கத்தில் வைத்த பனங்கொட்டை, என் முளை சரி என்பதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்த இடத்தில் ஒரு ஆட்டோ லெவலை வாங்கிக்கொண்டு போனேன். போகும்போதே எனக்கு இருந்த எண்ணம் என்னவென்றால், மறுபடி அளந்து காட்டிவிட்டு, “இதோ பார், கலுங்கு தாழ்ந்துதான் இருக்கிறது, நான் என்ன செய்ய” என்று சொல்லிவிட்டு வரலாம் என்பது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உண்மையைத் தேடியெல்லாம் நான் போகவில்லை.

கலுங்கில் இந்த முறை புதர் இல்லை. அந்த வருஷம் ஐகோர்ட் மதுரைக் கிளையின் உத்தரவால் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், இங்கேயும் வெட்டியிருந்தார்கள். முழுக் கலுங்கும் வெளியே தெரிந்தது. அதன் தலையில் வரிசையாக, முழங்கால் உயரத்துக்குக் குத்துக்கற்கள். பருவம் முடியும் தறுவாயில் இந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள், அதற்காக நட்டவை. ஒவ்வொரு கல்லும் பழைய சுண்ணாம்புச் சாந்துக்குள் இறங்கி நின்றது. கலுங்கின் தலையை முக்கால் அடி கொத்தியிருந்தால் இந்தக் கற்களைப் பிடுங்காமல் கொத்தியிருக்க முடியாது. பிடுங்கியிருந்தால் திரும்ப இப்படி நட்டிருக்க முடியாது. கொத்தனார் ஒரு கல்லைக் காலால் உதைத்துக் காட்டினான். அசையவில்லை. பெரியவர் எட்டு வருஷத்துக்கு முன் ஒரே மூச்சில் சொன்ன வாதம் இது. எனக்கு விளங்குவதற்குப் புதரை வெட்ட ஐகோர்ட் வர வேண்டியிருந்தது.

மடைக்குப் போனோம். என் சிவப்புச் சிலுவை மங்கலாக இன்னும் இருந்தது. அதன் மேல் ஸ்டாஃபை வைக்கப் போனவன் நின்றுவிட்டான். “அக்கா, இந்த ஸ்லாப்பு எங்கப்பா சின்னப் பையனா இருக்கும்போது போட்டதுன்னு சொல்வாரு.”

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பெயின்ட் அடித்திருந்தது கான்கிரீட் மேல். கம்பி கட்டி ஜல்லி போட்ட கான்கிரீட். மெமாயர் எழுதிய காலத்தில் ஒரு கண்மாய் மடைக்கு யார் கான்கிரீட் ஸ்லாப் போட்டார்கள்? நான் சிவில் படித்தவள். நாலு வருஷம் கான்கிரீட்டைத்தான் படித்தேன். அதன் மேல் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து, அதையே நூறு வருஷத்துக்கு முந்தைய 100.00 அடி என்று எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும்.

அவன் உளியை எடுத்து மடையின் பக்கவாட்டில் பூச்சைத் தட்டினான். ஒரு சாண் அகலத்துக்கு உடைந்து விழுந்தது. மேலே 15 செ.மீ. ஸ்லாப். அதற்குக் கீழே சாந்தோடு சேர்த்து 7 செ.மீ.க்கு ஒரு வரிசைச் செங்கல். அதற்குக் கீழே, நன்றாகச் சீவிய கருங்கல். கல்லின் முகத்தில் தேய்ந்துபோன ஓர் அம்புக்குறி. அந்தக் கல்லின் மேல்முகத்திலிருந்து கலுங்கு வரை லெவல் எடுத்தோம். இந்த முறை முதலில் கருவியையே இரண்டு முளை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். 75.5 செ.மீ. மெமாயர் சொன்ன 76.2-க்கு 7 மில்லிமீட்டர் குறைவு. நூறு வருஷத்துக்கு முந்தைய அளவுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆக, கலுங்கு கட்டிய நாளிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது. மடையைத்தான் யாரோ பழுதுபார்த்து உயர்த்தியிருக்கிறார்கள், அதுவும் நல்லெண்ணத்தோடுதான். மெமாயரில் எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

உள்வாய்க்குள் நடந்தோம். கருவேல மரங்கள் ஏழு வருஷத்து மரங்கள். கீழ் வரிசைகள் திமுதிமு என்று வளர்ந்திருந்தன. மேலே போகப் போக மெலிந்து, கடைசி நாலைந்து வரிசைகள் என் உயரம்தான். தண்ணீருக்குப் பயந்து குவித்த மண்மேடுகள், தண்ணீரைப் பார்க்காமலேயே அப்படியே உட்கார்ந்திருந்தன. அதற்கும் அப்பால் பனங்கன்றுகள், ஒரே சீரான இடைவெளியில். அந்த வளைவு எனக்குத் தெரிந்த வளைவு. நான் வரைந்தது.

பெரியவர் இருந்தார். கண் பார்வை பாதி போயிருந்தது. ஆடு இல்லை. அடைப்புப் போட்ட முதல் வருஷமே பாதியை விற்றுவிட்டதாகவும், மகன் திருப்பூருக்குப் போய்விட்டதாகவும் பையன் சொன்னான். பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடையில் கருவேல் காய்க்கத் தொடங்கிவிட்டது. ஊரில் மிச்சம் இருக்கும் ஆடுகள் மரத்தடியில் உதிர்ந்த நெத்துக்குத்தான் இப்போது போகின்றன. பத்து ஏக்கர் மேய்ச்சல் போய்விட்டது என்று நான் மனசுக்குள் எழுதிவைத்திருந்த குற்றப்பத்திரிகை அந்த இடத்தில் கொஞ்சம் குழம்பிப் போனது.

நான் நடந்ததைச் சொன்னேன். மடைமேடை, ஸ்லாப், செங்கல், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “அதுல எங்களப் பத்தி என்னன்னு எழுதியிருந்தே?”

ஃபோனில் இருந்த என் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். சிதைக்கப்பட்டிருக்கலாம்.

“இருக்கலாம்னா எழுதுனே?” என்றார். “இவுக ஒடச்சாங்கன்னுல்ல சொல்றாக. எட்டு வருஷமா கலுங்க ஒடச்ச பயலுகன்னுதான் பேரு. மீன் ஏலத்துல எங்க ஆள உள்ள விடல.”

எனக்குத் தெரியாது. மீன் பாசி ஏலம், திருவிழா வரி, கூட்டத்தில் யார் முன்னால் உட்காருவது என்று எங்கெங்கோ அந்த அரை வரி போய் வந்திருக்கிறது. நிலத்துக் கணக்கையே நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவருடைய கணக்கு வேறாக இருந்தது. லெவல் புத்தகத்தில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது என்பது முதல் பாடம். ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அடித்தது என்ன என்று படிக்கத் தெரிய வேண்டும். எண்ணுக்குத்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். குறிப்புப் பத்தியை அடிப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

சீனியருக்கு ஃபோன் போட்டேன். ரிட்டயர் ஆகிவிட்டார். முழுக்கக் கேட்டார். “ஆமாம்மா, கான்கிரீட்டைக் கவனிச்சிருக்கணும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி விடு, மரம் வளந்துருச்சுல்ல” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும்தான் கவனிக்கவில்லை.

பாதிப் பாதி

மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அளவுகள், படம், உடைத்த பூச்சின் புகைப்படம், ‘2009-இல் நான் எழுதிய குறிப்பு தவறு’ என்று தனி வரி. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, கொத்தனாரிடம் இரண்டு. கரையை உயர்த்தாமல் கலுங்கை மட்டும் உயர்த்தினால், வெள்ளக் காலத்தில் தண்ணீருக்கும் கரைத் தலைக்கும் நடுவே விட்டுவைத்திருக்கும் இடைவெளி அந்த அளவுக்குக் குறையும், கரை உடைந்தால் முதலில் போவது கீழே இருக்கும் பெரிய ஊர்தான் என்றும் எழுதினேன். அதை வைத்தாவது கீழ்த்தரப்பு யோசிக்கும் என்று நினைத்தேன்.

யோசித்தார்கள். சாவடியில் கூட்டம் போட்டார்கள். நான் போகவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. பையன் அப்புறம் சொன்னான். ஆயக்கட்டுத் தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலுங்கு பழையபடி இருக்கலாம், ஆனால் கண்மாய் பழையபடி இல்லை. இத்தனை வருஷ வண்டல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அன்றைக்கு நின்ற தண்ணீர் இன்றைக்கு நிற்பதில்லை, அதை ஈடுகட்டத்தான் உயர்த்துகிறோம் என்றார்கள். வண்டலை அள்ளுவதுதானே வேலை என்று மேல்தரப்பு கேட்டது. இரவு பத்து மணி வரை பேசி, கடைசியில் ஒருவர் எழுந்து, “இவுக முக்கா அடிங்கிறாக, அவுக ஒண்ணுமில்லங்கிறாக, ஆளுக்குப் பாதி” என்றிருக்கிறார். நாலரை இஞ்சு. எல்லாரும் சரி என்றுவிட்டார்கள்.

ஃபோனில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபமாக வந்தது. ஒரு மட்டம் என்பது பங்கு பிரிக்கும் பொருளா? 76 என்பது சரி, 54 என்பது தப்பு, இரண்டுக்கும் நடுவில் 65 என்றால் அது எந்தக் கணக்கு? அவனிடம் கத்தியும்விட்டேன். அவன் நிதானமாக, “அக்கா, கூட்டத்துல மொதல்ல உங்க லெட்டரத்தான் படிச்சாங்க. கலுங்க ஒடச்சது நாங்க இல்லன்னு எல்லாரு முன்னாலயும் படிச்சாங்க. அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு” என்றான். அந்த வருஷ மீன் ஏலத்தில் அவர்கள் ஆளும் கேட்டானாம். எடுக்கவில்லை, ஆனால் கேட்டான்.

இன்றுவரை எனக்கு இது செரிக்கவில்லை. அந்த நாலரை இஞ்சைத் தப்பு என்று சொல்லத்தான் நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என் எண்ணை நம்பாமல் அப்படிச் செய்யவில்லை. நம்பிவிட்டு, பக்கத்தில் வைத்துவிட்டு, வேறு எதையோ அளந்திருக்கிறார்கள். 2009-இல் நானும் அதைத்தானே செய்தேன், எண்ணைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆட்களை எடைபோட்டேன் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றா என்று இன்னொரு சமயம் எனக்கே கேட்கத் தோன்றுகிறது.

2021 நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அப்படியே அந்தக் கண்மாய்க்கும் போனேன். நிரம்பி, மறுகால் போய்க்கொண்டிருந்தது. குத்துக்கற்களுக்கு நடுவே புதுச் சிமென்ட் பட்டை, நாலரை இஞ்சு, அதன் மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. கட்டியது அவன்தான், அந்தக் கொத்தனார். உள்வாய்ப் பக்கம் வடலிப் பனைகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. தண்ணீர் அவற்றுக்கு இருபது மீட்டர் இருபத்தைந்து மீட்டர் முன்னால் வந்து, மெமாயரின் கோட்டிலும் நிற்காமல் என் கோட்டிலும் நிற்காமல், நடுவில் நின்றது.

“பெஞ்ச்மார்க்கை இப்ப எங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டேன்.

“மடைக்குப் புதுசா டைல்ஸ் ஒட்டிட்டாங்க அக்கா” என்றான். அதற்குள் மறுகாலில் கெண்டை பிடித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் கலுங்கின் தலைக்கு ஏறிவிட்டான். இவன் அவனைத் திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீருக்குள் இறங்கினான்.